கழிவுக்குக் கிடைத்த காசு

பழைய ஏசி குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வெளிர்பச்சை சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். "கேஸ் இறங்கிருச்சு சார், டாப்-அப் பண்ணணும்" என்பார். உள்ளே இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் உலகம் படிப்படியாகக் கைவிட்டு வரும் வாயு. அது தெரிந்த கதைதான். அதே ஆலையில் அதோடு ஒட்டிப் பிறக்கும் எச்.எஃப்.சி-23 என்ற இன்னொரு வாயுவைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. வளரும் நாடுகளின் பருவநிலைக் கொள்கைக்குள் கம்பெனிகள் எப்படி நுழைந்தன என்று புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் வேதியியல். குளோரோஃபார்ம் மூலக்கூறில் ஒரு கார்பனைச் சுற்றி மூன்று குளோரினும் ஒரு ஹைட்ரஜனும் இருக்கும். அதை ஹைட்ரஜன் ஃபுளோரைடோடு வினைபுரிய விட்டால் குளோரின் ஒவ்வொன்றாகக் கழன்று, அந்த இடத்தில் ஃபுளோரின் வந்து உட்காரும். இரண்டு கழன்றால் ஆர்-22. ஆனால் "இரண்டோடு போதும்" என்று ஒவ்வொரு மூலக்கூறிடமும் போய்ச் சொல்ல முடியாதே. வேர்க்கடலை வறுக்கும்போது நாலு கருகிப்போவதுபோல, சிலவற்றில் மூன்றாவது குளோரினும் போய்விடும். அதுதான் எச்.எஃப்.சி-23. நூறு டன் ஆர்-22 தயாரித்தால் இது ஏறக்குறைய ஒன்றரை டன்னிலிருந்து நான்கு டன் வரை வரும்.

வாங்க ஆள் இல்லாத சரக்கு என்பதால் பெரும்பாலான ஆலைகள் அதைப் புகைபோக்கி வழியே காற்றில் விட்டுவந்தன. நம் நாட்டிலும் சரி, சீனாவிலும் சரி, அதைத் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை. காற்றில் கலந்தால் 200 ஆண்டுகளுக்கு மேல் தங்கும். ஒரு டன் எச்.எஃப்.சி-23 பூமியைச் சூடாக்குவதில் 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பது அன்றைய கணக்கு. 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்தால் சிதைந்துவிடும். எழும் அமிலப் புகையைக் கழுவி எடுக்க வேண்டும், அவ்வளவே. பெரிய செலவும் இல்லை.

1997-இல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. உமிழ்வைக் குறைக்கும் கட்டாயம் பணக்கார நாடுகளுக்கு மட்டும். வளரும் நாடுகளை இழுத்து வர 'தூய்மை மேம்பாட்டு வழிமுறை' (சுருக்கமாக சி.டி.எம்.) என்று ஓர் ஏற்பாடு. இந்தியாவிலோ சீனாவிலோ ஓர் ஆலை ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வைக் குறைத்தால் ஒரு கார்பன் கிரெடிட் கிடைக்கும். அதை ஐரோப்பியக் கம்பெனி வாங்கித் தன் கணக்கில் காட்டிக்கொள்ளலாம்.

இப்போது ஆலை முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 10,000 டன் ஆர்-22. அதில் 3 சதவீதம் கழிவு என்றால் 300 டன். 11,700-ஆல் பெருக்கினால் 35 லட்சத்துப் பத்தாயிரம் கிரெடிட். ஒன்று 10 யூரோ என்று குறைவாகவே வைத்தாலும் மூன்றரைக் கோடி யூரோ. எரிக்கும் செலவோ கிரெடிட் ஒன்றுக்கு ஒரு யூரோகூட ஆகாது. இந்த ஆலைகள் ஆர்-22 விற்றுச் சம்பாதிப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கைக் கழிவை எரித்துச் சம்பாதிக்கலாம் என்று ஆய்வாளர் மைக்கேல் வாரா 2007-இல் நேச்சர் அறிவியல் இதழில் கணக்கிட்டுக் காட்டினார். கருகிய கடலை நல்ல கடலையைவிட விலை போனது!

2005 மார்ச்சில் குஜராத்தின் ரஞ்சித்நகர் ஆலை இந்த ஏற்பாட்டில் பதிவானது. ஐ.நா. பதிவேட்டில் அதன் எண் 0001. போகப்போக இந்த வாயுவை எரிக்கும் திட்டங்கள் மொத்தம் 19 பதிவாயின. சீனாவில் 11, இந்தியாவில் 5. அந்த ஐந்தில் ஒன்று நம் மேட்டூரில்.

கிரெடிட் கைக்கு வர மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். உள்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒப்புதல் கடிதம், தணிக்கை நிறுவனத்தின் சான்று, கடைசியாக ஐ.நா.வின் நிர்வாகக் குழு. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுப்பது யார்? ஆலைதான். திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு வாயு வெளியேறியிருக்கும் என்ற 'நடக்காத கதை'யை எழுதித் தருவதும் ஆலையே. பரீட்சை எழுதுகிறவரே கேள்வித்தாளும் தயாரித்து, திருத்துகிறவருக்குக் கூலியும் கொடுத்த மாதிரி.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. உள்நாட்டுச் சட்டம் எவ்வளவை எரிக்கச் சொல்கிறதோ அவ்வளவுக்குக் கிரெடிட் கிடையாது என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் அரசின் பக்கமிருந்து பாருங்கள். "இந்த வாயுவைக் காற்றில் விடக்கூடாது" என்று இரண்டு வரி உத்தரவு போட்டால் கோடிக்கணக்கில் வரும் அந்நியச் செலாவணி அன்றோடு நின்றுவிடும். எந்த அமைச்சகம் போடும்? பணம் வந்தது கம்பெனிக்கு. கட்டுண்டது அரசின் பேனா. சீனா ஒன்று செய்தது: இந்த வருமானத்தில் 65 சதவீதத்தை வசூலித்துத் தனி நிதியில் போட்டது. இந்தியா அப்படி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்ல வாய் வரும். ஆனால் விதி என்ன கேட்டதோ அதைத்தான் ஆலைகள் செய்தன. 2010-இல் சி.டி.எம். வாட்ச் என்ற கண்காணிப்பு அமைப்பு ஆலைகளின் சொந்த அறிக்கைகளையே அடுக்கிக் காட்டியது. கிரெடிட் கிடைக்கிற காலத்தில் சில ஆலைகளில் உற்பத்தியும் கழிவு விகிதமும் ஏறியிருந்தன. கிடைக்காத காலத்தில் இரண்டும் இறங்கியிருந்தன. விகிதத்தைக் குறைக்க முடியும் என்று அவர்களே நிரூபித்துவிட்டார்கள், பாவம். நிர்வாகக் குழு கிரெடிட் வழங்குவதை நிறுத்திவைத்து விதியைத் திருத்தியது. 2013 மே முதல் இந்தக் கிரெடிட்டை ஏற்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் கதவைச் சாத்தியது. அதற்குள் சந்தையே படுத்துவிட்டிருந்தது. 2012 முடிவில் ஒரு கிரெடிட்டின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே.

சரி, காசு நின்றால் உலையும் நின்றுவிடுமா? அந்தப் பயம் இருந்தது. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில், ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கான திருத்தம் பேசப்பட்ட அதே வாரத்தில், இந்தக் கழிவு வாயுவை ஆலைகள் தங்கள் சொந்தச் செலவில் எரித்தாக வேண்டும் என்று இந்தியா உத்தரவிட்டது. முதல் திட்டம் பதிவாகிப் பதினோரு ஆண்டு கழித்து, கிரெடிட்டுக்கு விலை போன பிறகு. நல்ல உத்தரவு. ஆனால் இழக்க ஏதும் மிச்சமில்லாத நாளில்தான் அது வந்தது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், காற்று என்ன சொன்னது? உமிழ்வைக் கிட்டத்தட்ட முழுக்க நிறுத்திவிட்டதாக 2017 வாக்கில் சீனாவும் இந்தியாவும் தெரிவித்தன. அயர்லாந்தின் மேஸ் ஹெட், ஆஸ்திரேலியாவின் கேப் கிரிம் போன்ற இடங்களில் காற்றை நாள்தோறும் அளக்கும் நிலையங்கள் உண்டு. அவற்றின் அளவுகளை வைத்து 2020 ஜனவரியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2018-இல் உலகம் முழுதும் வெளியேறிய எச்.எஃப்.சி-23 சுமார் 15,900 டன் என்றது அது. குறையவேண்டிய இடத்தில், அதுவரை பதிவானதிலேயே உச்சம். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு என்று உலக மொத்தத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஏட்டில் எழுதிய டன்னும் காற்றில் இருந்த டன்னும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் உறுதி.

இந்தியா 2023-இல் தன் சொந்தக் கார்பன் சந்தைக்கான திட்டத்தை அறிவித்திருக்கிறது. இதில் ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு உமிழ்வுதான் என்ற இலக்கு முன்கூட்டியே வந்துவிடும். இலக்கைத் தாண்டிக் குறைத்தால் கிரெடிட், தவறினால் வாங்கி ஈடுகட்ட வேண்டும். நடக்காத கதையை ஆலை எழுத வேண்டிய தேவை இதில் குறைவு. இலக்கு எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் இனி பேரம்.

மெக்கானிக்கின் வெளிர்பச்சை சிலிண்டர் 2030 வாக்கில் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆர்-22 மறையாது. டெஃப்லான் செய்ய அதுதான் மூலப்பொருள், மூலப்பொருளாகப் பயன்படுத்துவதற்கு மாண்ட்ரியல் உடன்படிக்கையில் தடை இல்லை. நான்-ஸ்டிக் தவாவில் தோசை ஊற்றும் வரை எங்கோ ஓர் ஆலையில் மூன்றாவது குளோரின் கழன்றுகொண்டேதான் இருக்கும்.