‘ஷிப்’ பண்ணுவது: கப்பலே இல்லாத ஒரு சொல்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அண்ணன் மகளும் அவளுடைய தோழியும். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்தபோதே ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். “நான் குந்தவையையும் வந்தியத்தேவனையும்தான் ஷிப் பண்றேன்” என்றாள் அண்ணன் மகள். “எனக்கு மணிமேகலைதான்டி. அவளைத் தவிர வேற யாரையும் அவனோட ஷிப் பண்ண மாட்டேன்” என்றாள் தோழி. பக்கத்து சீட்டில் பலாப்பழ மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “கப்பல்ல வேலைங்களா அம்மிணி?” என்றார்.

அவர் மேல் தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் கப்பல்தான் நினைவுக்கு வரும்.

கதையிலோ தொடரிலோ வரும் இரண்டு பேர் காதலித்துச் சேர வேண்டும் என்று ரசிகர் ஆசைப்படுவதுதான் ‘ஷிப்’ பண்ணுவது. அந்த ஜோடிக்கும் ‘ஷிப்’ என்றே பெயர். ஆசைப்படுகிறவர் ‘ஷிப்பர்’. கதாசிரியர் அவர்களைச் சேர்த்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பார்வை, பாதியில் நின்ற ஒரு பேச்சு கிடைத்தால் போதும், மீதியை ரசிகர் கட்டிக்கொள்வார்.

சொல் பிறந்தது அமெரிக்காவில், 1990-களின் நடுவில். 1993-இல் தொடங்கிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் மல்டர், ஸ்கல்லி என்று இரண்டு துப்பறியும் அதிகாரிகள். அவன் எதையும் நம்புகிறவன், அவள் ஆதாரம் கேட்கிறவள். இவர்களுக்குள் காதல் வேண்டும் என்றவர்களுக்கு ‘ரிலேஷன்ஷிப்பர்’ என்று பெயர் விழுந்தது. வேண்டவே வேண்டாம் என்ற எதிர்க்கட்சிக்கு, ‘நோ ரொமான்ஸ்’ சுருங்கி ‘நோரோமோ’ ஆனது. நீளப் பெயர் தேய்ந்து தேய்ந்து ‘ஷிப்பர்’ என்று நின்றது. வழக்கம் மட்டும் பெயரைவிடப் பழையது. 1970-களிலேயே ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ரசிகர்கள் கிர்க், ஸ்பாக் இருவரையும் ஜோடியாக்கிக் கதை எழுதினார்கள். இரண்டு பெயருக்கும் நடுவே போட்ட சாய்கோட்டால் அந்த வகைக் கதைக்கு ‘ஸ்லாஷ்’ என்றே பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ‘ரிலேஷன்ஷிப்’பின் வாலில் இருக்கும் ‘ஷிப்’ வெறும் விகுதி. தன்மையைக் குறிக்கும் விகுதி, நம் ‘மை’ மாதிரி. தோழமை என்ற சொல்லில் தலையை வெட்டி எறிந்துவிட்டு, “நான் அவங்க ரெண்டு பேரையும் மை பண்றேன்” என்று ஒருத்தி சொன்னால் எப்படியிருக்கும்? கேட்பவர் கண்மையா, பேனா மையா என்றுதான் முழிப்பார். பலாப்பழப் பெரியவர் முழித்ததும் அப்படித்தான். ஆங்கிலக்காரர்களே அப்புறம் கப்பல் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஜோடி பிரிந்தால் ‘கப்பல் மூழ்கியது’ என்கிறார்கள். தமிழில் கப்பலேறுவது மானம்தான் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

சரி, இதற்குத் தமிழ் என்ன? ‘ஜோடி சேர்ப்பது’ என்று சட்டென்று சொல்லலாம். ஆனால் அது சினிமாவில் இயக்குநர் செய்கிற வேலை. ‘சேர்த்துவைப்பது’ இன்னும் தூரம். அது பிரிந்த புருஷன் பெண்டாட்டியைப் பெரியவர்கள் உட்காரவைத்துப் பேசிச் செய்வது. ரசிகருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

கல்லூரியில் ‘ஓட்டுவது’ என்போம். அவனை அவளோடு சேர்த்து ஓட்டுவது. நான் சேலத்தில் படித்தபோது ஒரு வகுப்பே சேர்ந்து இருவரை ஓட்டியதில் அந்தப் பெண் எங்கள் பஸ்ஸில் வருவதையே நிறுத்திவிட்டு அரை மணி நேரம் முன்னால் கிளம்பும் பஸ்ஸைப் பிடித்தாள். அதில் நானும் சிரித்திருக்கிறேன். இது ஷிப் இல்லை, பழைய தமிழில் சொன்னால் அலர். ஊர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வாய்விட்டுப் பேசினால் அலர். மொட்டும் பூவும் போல. காதல் பாட்டில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்ததே, ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று, அது இந்தத் தொல்லை தெரிந்துதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஷிப்புக்குச் சங்கப் பாட்டில் நேரான உறவு வேறொன்று: கண்டோர் கூற்று. உடன்போக்கில், அதாவது வீட்டை விட்டுச் சேர்ந்து கிளம்பிப் போகும் காதலர்களை வழியில் பார்த்தவர்கள் பேசுவது. குறுந்தொகையின் 7-ஆம் பாட்டு, பெரும்பதுமனார் பாடியது. மூங்கில் காடு. காற்றில் வாகை நெற்று கலகலக்கிறது, கயிற்றின் மேல் ஆடும் கூத்தருக்குப் பறை கொட்டுகிற மாதிரி. எதிரே இரண்டு பேர் வருகிறார்கள். பார்த்தவர்கள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, காலைப் பார்க்கிறார்கள். அவன் காலில் கழல். அவள் மெல்லடி மேல் இன்னும் சிலம்பு. கல்யாணத்துக்கு முன் சிலம்பு கழற்றும் சடங்கு உண்டு; கழற்றவில்லை என்றால் மணம் ஆகவில்லை. இதை ஒரே நொடியில் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டு, ‘நல்லோர் யார்கொல் அளியர் தாமே’ என்று மனம் கசிகிறார்கள். யாரோ நல்லவர்கள், பாவம்.

யார் என்றே தெரியாது. உறவு இல்லை, லாபம் இல்லை. சின்னத் தடயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மனதார அவர்கள் பக்கம் நின்றுவிட்டார்கள். இதைவிட நல்ல ஷிப்பரை நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் இதைச் சொன்னபோது அண்ணன் மகள், “அத்தை, அப்ப எங்க சண்டைக்குத் தீர்ப்பு சொல்லுங்க” என்றாள். ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் கல்கி இதழில் தொடராகத் தொடங்கியதிலிருந்து தீராத சண்டை இது. தொடர் முடிந்தபின் பாத்திரங்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் துளைத்ததில் கல்கியே முடிவுரையில் பதில் எழுதவேண்டி வந்தது. குந்தவை கட்சிக்கு ஒரு வசதி: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்கிறது. மூலக் கதை ஒப்புக்கொண்டதை ரசிகர்கள் ‘கேனான்’ என்பார்கள். இவர்கள் கேனான் உண்மையிலேயே கல்வெட்டு.

ஆனால் எனக்குப் பிடித்தது தோழி சொன்ன வாதம். “குந்தவைக்கு அவன் தேவைங்க. ஓலை கொண்டுபோக, உளவு பாக்க, எல்லாத்துக்கும். கூடவே அவன் வாய்த்துடுக்கும் பிடிச்சுப்போச்சு. மணிமேகலைக்கு அவன்கிட்ட ஒரு வேலையும் கிடையாது.” யோசித்துப் பார்த்தால் மணிமேகலை அவனைப் பார்ப்பதற்கு முன்பே காதலித்துவிட்டாள். அண்ணன் கந்தமாறன் நண்பனைப் பற்றி அளந்ததைக் கேட்டுக் கேட்டே மனதில் ஒருவனைச் செய்துகொண்டாள். அதாவது அவள் காதலித்தது ஒரு கதாபாத்திரத்தை. அந்த நாவலுக்குள்ளேயே இருக்கும் ரசிகை அவள்! பிறகு அதே அண்ணன் அவனை மறந்துவிடு என்கிறான். கதையைச் சொன்னவனே நிறுத்திவிட்டான், கேட்டவளால் நிறுத்த முடியவில்லை. இலக்கணம் இதைக் கைக்கிளை, ஒருதலைக் காமம் என்று அடைத்துவிடும். எனக்கு அந்தப் பெட்டி கொஞ்சம் சின்னதாகப் படுகிறது. கடைசியில் அவன் மடியிலேயே அவள் உயிர் போகும் இடத்தை இரண்டாம் முறை படிக்கும்போது பாவம் வந்தியத்தேவன் மேல்தான் வருகிறது. இன்னொருத்தியின் கற்பனைக்கு அவன் கடைசிவரை ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

குந்தவையை அருகில் நிறுத்தினால் அவன் ஒரு ஆள், மணிமேகலையை நிறுத்தினால் வேறு ஆள். யாரோடு வைத்தால் இவன் எப்படித் தெரிகிறான் என்ற ஆராய்ச்சிதான் ஷிப்பின் முக்கால் பங்கு. காதல் அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்வேன்.

ஏற்காட்டில் இறங்கி அங்கிருந்து சேர்வராயன் மலையுச்சிக் கோயிலுக்குப் போனோம். குகைக் கோயில், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அவர் இந்த மலை, அவள் காவிரி. “மலையையும் ஆத்தையும் ஷிப் பண்ணியிருக்காங்க” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வாசலில் கற்பூரம் விற்ற அம்மா அதைக் காதில் வாங்காமல், “உள்ள இருட்டா இருக்கும் கண்ணு. ஒருத்தரை மட்டும் பாத்துட்டு வந்துறாதீங்க, ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

சேர்த்துப் பார்ப்பது. நான் தேடியது அதுதான். ‘அவங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்’ என்று வீட்டில் பாட்டிகள் ஆசைப்படுவதும் அதே சொல்லால்தான். தடயங்களைக் கூட்டி முடிவுக்கு வருவதும் சேர்த்துப் பார்ப்பதுதான். செய்கிறவர் வெறும் பார்வையாளர் என்பதும் ‘பார்ப்ப’தில் வந்துவிடுகிறது. கட்டுரைக்கும் அகராதிக்கும் பெயர்ச்சொல் கட்டாயம் என்றால் ‘இணைவிழைவு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஷிப்பரை ‘இணைவிழைவோர்’ எனலாம். பேச்சில் அதைச் சொன்னால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

இறங்கும் பஸ்ஸில் இதையெல்லாம் விளக்கினேன். “நல்லாத்தான் இருக்குங்க அத்தை, ஆனா நீளம்” என்று அண்ணன் மகள் தள்ளிவிட்டாள். இருபது வளைவில் பாதி கடந்திருப்போம், தோழி அவளை இடித்து, “அதெல்லாம் விடு, பூங்குழலியை நீ யாரோட சேத்துப் பாக்கறே, அதைச் சொல்லு முதல்ல” என்றாள்.