ஒரே தெரு, இரண்டு காற்று

ஹாங்காங்கில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வரும். மாங் கோக் பகுதியின் நேதன் சாலையோ கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது, இருபுறமும் அடுக்குமாடிகள். கூரைகளுக்கு மேலே காற்று மேற்கு நோக்கி வீசும்போது, கீழே நடைபாதையில் நிற்பவர் மீது அது கிழக்கு நோக்கி வீசலாம்.

கூரையைத் தாண்டிய காற்றில் ஒரு பகுதி மேற்குப் பக்கக் கட்டிடத்தின் முகப்பில் மோதிக் கீழே இறங்குகிறது. சாலையைக் குறுக்கே கடந்து, கிழக்குப் பக்கச் சுவரோரமாக மேலேறி, திரும்பவும் சுற்றுகிறது. இறங்கும்போது ஓரளவு சுத்தமாக இருந்த காற்று, சாலையில் பேருந்துப் புகையை வாரிக்கொண்டு போய்க் கிழக்கு நடைபாதையில் சேர்த்துவிடுகிறது. காற்று வரும் திசையில் கட்டிடத்தை ஒட்டி நின்றால் தப்பித்தோம் என்று நினைப்போம். புகை அங்கேதான் அதிகம்.

கட்டிடங்களின் உயரம் தெருவின் அகலத்தில் சுமார் 0.7 பங்கைத் தாண்டினாலே மேல்காற்று கூரைகளின் மீது வழுக்கிப் போகத் தொடங்கும். உயரம் அகலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போனால், முதல் சுழலுக்கு அடியில் இன்னொன்று எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றும். அப்போது புகை மேலேறி வெளியேறுவது இன்னும் கடினம். அடர்ந்த மரங்களும் இப்படிப்பட்ட தெருவில் புகைக்கு மூடி போட்டுவிடும். இதைச் சொன்னால் பலர் கோபித்துக்கொள்வார்கள்.

சரி, உயரம்தான் குற்றவாளியா? இல்லை. சுற்றிலும் தாழ்ந்த கட்டிடங்கள் இருக்க, நடுவே தனியாக எழும் கோபுரம் மேல்காற்றைத் தடுத்துத் தரைக்கு இறக்கிவிடும். அதன் அடிவாரத்தில் நடப்பவருக்குக் குடை பிடிப்பது சிரமம், ஆனால் தெருப்புகை கலைந்துபோகும். சிக்கல், ஒரே உயரக் கோபுரங்களை இடைவெளியின்றி வரிசையாக நிறுத்தும்போதுதான். ஹாங்காங்கில் கடலோரமாக அப்படித்தான் கட்டினார்கள். போதாததற்கு, கோபுரங்களுக்கு அடியில் மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு வணிக வளாகம் வேறு. ஆட்கள் நடமாடும் உயரத்தில் காற்றுக்கு வழியே இல்லை.

2003இல் சார்ஸ் நோய் பரவிய பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 2006 முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு செய்யவேண்டும் என்றானது, தனியாருக்குக் கட்டாயமில்லை. அவர்களை வழிக்குக் கொண்டுவர 2011இல் வேறு உத்தி: கார் நிறுத்தம் போன்றவற்றை அனுமதித்த கட்டிடப் பரப்பில் கணக்கிடாமல் விடும் தளப்பரப்புச் சலுகை வேண்டுமா, கட்டிடங்களுக்கிடையே இடைவெளி விடு, குறுகிய தெருவாக இருந்தால் பின்தள்ளிக் கட்டு.