தாளிப்புக் கரண்டியில் ஈயம் உருக்காதீர்கள்

மரத்தில் லூர் செதுக்கி விற்பது என் தொழில். தூண்டில் நூலில் கட்டி வீசி இழுக்கும் பொய் மீன்தான் லூர்; நிஜ மீன் போல ஆடி வந்தால்தான் மீன் ஏமாறும். போன மாதம் ஒரு தம்பி தானே செதுக்கிய லூரைக் கொண்டுவந்தார். "வீசுனா நல்லா தூரம் போகுதுண்ணே. இழுத்தா விறகுக்கட்டை மாதிரி நேரா வருது, ஆட்டமே இல்ல." வால் பக்கம் துளையிட்டு ஈயம் ஊற்றியிருந்தார். எதில் உருக்கினீர்கள் என்றேன். வீட்டுத் தாளிப்புக் கரண்டியில், கேஸ் அடுப்பில். கரண்டி மறுபடி சமையலுக்கே போய்விட்டதாம்.

லூர் கதை அப்புறம். முதலில் கரண்டி. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் ஆளாளுக்குச் சமையலறையில் இறங்கிவிடுகிறார்கள். உருகியதன் மேல் பாலாடை போலப் படியும் சாம்பல்நிறக் கசடு தூளாகி மேடை, துணி, கை என எங்கும் ஒட்டும். வீட்டில் குழந்தை இருந்தால் அதன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். துளைக்குள் துளி ஈரம் இருந்தாலும் நீராவி கிளம்பி ஈயம் முகத்தில் தெறிக்கும். இங்கிலாந்தில் தூண்டிலில் எடைக்குக் கட்டும் சிறு ஈயக்குண்டுகளை அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால் 1987இலேயே அவற்றுக்குத் தடை வந்தது.

"கழுவிட்டா போதாதாண்ணே?" போதாது. புதுக் கரண்டி வாங்கச் சொன்னேன்.

சரி, லூர். எடை எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். வயிற்றடியில் தாழ வைத்தால் கவிழாது. முதுகுப் பக்கம் ஏறினால் வேகமாக இழுக்கும்போது மல்லாந்துவிடும். நடுவில் குவித்தால் துடிப்பு வேகமாக இருக்கும். தலைக்கும் வாலுக்கும் பிரித்தால் மந்தமாகும். தம்பி மொத்தத்தையும் வாலில் வைத்ததால் லூரை ஆட வைக்கும் மூக்குத் தகடு தண்ணீரைப் பிடிக்கவே இல்லை.

நான் எடுத்த எடுப்பில் துளையிட மாட்டேன். முள்ளெல்லாம் மாட்டி, வயிற்றில் சைக்கிள் பால்ஸை டேப் போட்டு ஒட்டி, வாளித் தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். பின்சக்கரத்தில் போடும் கால் அங்குல பால்ஸ் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். ஒவ்வொன்றாகக் கூட்டலாம், முன்னும் பின்னும் நகர்த்தலாம். லூர் நிற்கும் கோணம் பிடித்துப்போனால் பென்சில் குறி, அப்புறம்தான் ட்ரில். பால்ஸை உள்ளே தள்ளி எபாக்ஸி பசையால் அடைத்தால் முடிந்தது. இரும்பு ஈயத்தைவிட லேசு, ஆகவே துளை கொஞ்சம் பெரிதாக வேண்டும்.

கடலில் வீசப்போகிறவர்கள் வாளியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் 40 கிராம் லூரை, கடல்நீரிலும் அப்படி நிறுத்த இன்னும் ஒரு கிராம் வேண்டும். ஒரே ஒரு பால்ஸ்!

தம்பியின் லூரிலிருந்த ஈயத்தை, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரத்துணி விரித்து நோண்டி எடுத்தேன். வயிற்றில் மூன்று பால்ஸ் வைத்ததும் ஆட்டம் வந்துவிட்டது. வீச்சுத் தூரம் குறைந்ததில் மட்டும் அவருக்கு இன்னும் வருத்தம்தான்.