விடியற்காலைக் குளத்து அலையும் நீரின் சூடும்

காற்றின் வேகம், அது நீரின்மேல் தடையின்றி ஓடும் தூரம், வீசும் நேரம் ஆகியவற்றைப் பொறுத்தே குளத்து அலை உயர்கிறது என்பதை வன்னியின் நன்னீர் மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளராக நான் அவர்களிடம் வலியுறுத்துவது, காற்றுக்கும் நீருக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டை.

மார்கழி, தை மாத விடியலில் காற்று ஏறத்தாழ 22 பாகை செல்சியசுக்கு இறங்கியிருக்கையில், பகல் வெயிலை வாங்கிய குளத்து நீர் அதனிலும் சில பாகை சூடாகவே இருக்கும். நீரைத் தொட்ட காற்று சூடேறி மேலெழ, மேலே விரைந்தோடும் குளிர்காற்று அவ்விடத்துக்கு இறங்கி, தன் வேகத்தை நீர்ப்பரப்பில் செலுத்தி அலையை வளர்க்கிறது. அதே நேரத்தில், இரவில் குளிர்ந்த தரையின்மேல் காற்று படிந்துகிடப்பதால் மேற்காற்று கீழிறங்காது. வீட்டு முற்றத்தில் இலைகூட அசையாதிருக்கலாம். முற்றத்து அமைதியை வைத்துக் குளத்தை மதிப்பிடுவது ஆபத்தானது.

குளிர்ந்த நீர் பாரமானது, அதனால் அலை எழாது என்று சிலர் சொல்வதுண்டு. 20 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் நீரின் அடர்த்தி 0.25 வீதமளவே மாறுகிறது. அலைக்கு அது பொருட்டல்ல. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்துப் பகலில் நிலைமை மாறும்: 34 பாகைச் சூட்டோடு வரும் காற்று, தன்னிலும் குளிர்ந்த நீரின்மேல் பிடியைச் சற்றுத் தளர்த்தும். ஆனால் சோளகத்தின் வேகம் அந்தத் தளர்வை விழுங்கிவிடும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் குளக்கட்டு வடக்கே இருப்பதால், வாடை வீசும்போது கட்டோரம் மறைவாகி நீர் அமைதியாகத் தோன்றும். தெற்கே, கட்டுக்கு எதிர்ப்புறமுள்ள அலைகரையை நோக்கிப் போகப் போகவே அலை வளரும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று ஆறு கிலோமீற்றர் நீர்ப்பரப்பில் ஓடினால், வழக்கமான கணிப்பின்படி அலை ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் உயரும். நீர் காற்றைவிடச் சூடாயிருந்தால், காற்று பத்து வீதம் கூடியதாகவே நாங்கள் கணக்கிடுவோம். இரண்டரைச் செக்கனுக்கு ஒன்றாக வரும் இக்குறுகிய, செங்குத்தான அலைகளை மீனவர் எதிர்கொள்வது திரும்பும் வழியில்தான். அப்போது வள்ளத்தில் மீனும் நனைந்த வலையும் ஏறியிருக்கும், விளிம்போ நீருக்கு ஒரு சாண்கூட மேலே இராது. உயிர்காப்பு அங்கியைப் பெரும்பாலானோர் வீட்டிலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்.