கல்சியக் குறிப்புணர்த்தல்

கலத்துக்குள் (உயிரணுவுக்குள்) கல்சியத்தின் வழியாகச் செய்தி கடத்தப்படுவதைக் (calcium signalling) ‘கல்சியச் சமிக்ஞை’ என்று எழுதுவோர் உளர்; அதைக் ‘கல்சியக் குறிப்புணர்த்தல்’ என்று எழுதுவதே பொருந்தும். முதலில் கல்சியம் என்ற பெயரைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளையாய் இறுகிக் கிடக்கும் படிவிலும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பிலும் உள்ள உலோகத்தை 1808இல் ஹம்பிரி டேவி பிரித்தெடுத்து, சுண்ணாம்பைக் குறிக்கும் ‘கல்க்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குக் கல்சியம் என்று பெயரிட்டார். இதனைச் ‘சுண்ணகம்’ என்று தமிழாக்குவோரும் உளர். ஆனால் சுண்ணம் என்பதே ‘சூர்ணம்’ என்ற வடசொல்லின் திரிபு ஆதலால், அம்மாற்றத்தால் தனித்தமிழுக்கு ஆதாயமில்லை. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனும் தமது இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் வைத்தார். மூலகத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும்.

திருத்த வேண்டியது, அதனுடன் ஒட்டி வரும் ‘சமிக்ஞை’ என்ற பின்பாதியையே. வடமொழிச் ‘சஞ்ஞை’யிலிருந்து வந்த அச்சொல் ஓர் அடையாளத்தைச் சுட்டுமேயன்றி, அடையாளம் கைமாறிக் கைமாறிச் செயலாக முடியும் நிகழ்ச்சியைச் சுட்டாது.

ஈரற் புற்றுநோய்க் கலத்தில் நிகழ்வதைப் பார்த்தால் இக்குறை விளங்கும். ஈரற்கல வளர்ச்சிக் காரணி என்னும் புரதம், கலமென்சவ்வில் இருக்கும் ‘மெற்’ என்னும் வாங்கியுடன் (receptor) பிணைகிறது. அதனால் தூண்டப்படும் பொஸ்போலிப்பேஸ் நொதியம் மென்சவ்வுக் கொழுப்பொன்றை வெட்டி இனோசிற்றோல் முப்பொஸ்பேற்றை விடுவிக்க, அது கலத்தினுள் கல்சியத்தைச் சேமிக்கும் அகமுதலுருச் சிறுவலையிலுள்ள (endoplasmic reticulum) கால்வாய்களைத் திறந்து, அங்கே சேமித்திருந்த கல்சியம் அயன்களை வெளியே விடுகிறது. ஓய்வுநிலையில், கலத்தினுள் கருவைச் சூழ்ந்துள்ள குழியவுருவின் கல்சியச் செறிவு, கலத்துக்கு வெளியே உள்ளதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கே. ஆகவே சிறிய கசிவும் கலத்துக்குப் பெரிய சேதிதான். அச்சேதியை வாசிப்பவை கல்மொடியூலின் போன்ற புரதங்கள். கல்சியம் ஒட்டியவுடன் அவை வடிவம் மாறி வேறு நொதியங்களை ஏவுகின்றன. குறிப்புக் காட்டுதலோடு அதை உணரச் செய்தலும் இதில் அடங்கியிருப்பதால், ‘குறிப்புணர்த்தல்’ என்பதே பொருந்தும்.

ஈரற் புற்றுநோயாளரிடமிருந்து பெற்று வளர்த்தெடுத்த கலங்களில், காரணி பிணைந்த பின் ‘மெற்’ கலத்தின் கருவுக்குள்ளேயே (nucleus) புகுந்து அங்கு கல்சியத்தை எழுப்புவதும், அந்தக் கருக் கல்சியம் கலப்பெருக்கத்துக்கு உதவுவதும் அறியப்பட்டுள்ளன. ஆகையால் இடத்தையும் சேர்த்துக் ‘கருக் கல்சியக் குறிப்புணர்த்தல்’, ‘குழியவுருக் கல்சியக் குறிப்புணர்த்தல்’ என்று பிரித்து எழுதவேண்டும். தொடர் நீளந்தான், கரும்பலகையில் ‘க.கு.’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.