விசில் சத்தம் நின்றால் போதுமா? ஆஸ்துமா நோயாளியை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம்

ஆஸ்துமா முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் செலுத்தும் கருவி) வைத்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சு லேசாகிவிடும், பேச்சு வந்துவிடும், "சரி, கிளம்பலாமா" என்று கூட இருப்பவர் கேட்க ஆரம்பித்துவிடுவார். இன்னொரு ராத்திரி இருங்கள் என்று டாக்டர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது.

மூச்சுக்குழாய் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அடைபடுகிறது. வெளியே சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்கிச் சளியும் சேர்கிறது. நெபுலைசரில் வைக்கும் சால்புட்டமால் மருந்து தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும், ஆனால் பலன் 4 முதல் 6 மணி நேரம்தான். வீக்கத்தை வற்றவைப்பது ஸ்டீராய்டு. அது வேலையைத் தொடங்கவே சில மணி நேரமாகும், வீக்கம் நன்றாக அடங்க நாட்கணக்காகும். ஆக, நெபுலைசர் வைத்த அரைமணியில் தெரிவது தசை தளர்ந்த நிம்மதி மட்டுமே.

மூச்சு விடும்போது கேட்கும் விசில் சத்தம் நின்றுவிட்டதையும் நம்ப முடியாது. காற்று ஓரளவாவது போய்வந்தால்தான் சத்தமே எழும். குழாய் மிக மோசமாக அடைபட்டால் நெஞ்சு நிசப்தமாகிவிடும், அதுதான் உயிருக்கே ஆபத்தான நிலை.

அதனால்தான் மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கும் நாளில் ஒருவர் நிமிடத்துக்கு 400 லிட்டர் வேகத்தில் ஊதுவார் என்றால், வீட்டுக்குப் போக அதில் 75 சதவீதமாவது, அதாவது 300 வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். அதே நாளின் உச்ச அளவுக்கும் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். மூச்சுக்குழாய் மிகவும் சுருங்கும் நேரம் விடிகாலை 4 மணிவாக்கு. மாலையில் 320 ஊதியவர் விடிகாலையில் 200தான் ஊதுகிறார் என்றால், உள்ளே வீக்கம் அடங்கவில்லை, அவரை அனுப்பக் கூடாது. ஆக்ஸிஜன் வைக்காமலேயே ரத்தத்தில் அதன் அளவு 94 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

அப்புறம், வீட்டில் எடுக்கப்போகும் அதே மருந்துகளிலேயே 12 முதல் 24 மணி நேரம் வார்டில் இருந்து பார்க்க வேண்டும். நெபுலைசர் தயவில் நன்றாக இருப்பவர் இன்ஹேலருக்கு மாறியதும் தடுமாறலாம், அது வார்டிலேயே தெரிந்துவிடுவது நல்லது. இன்ஹேலரை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் சேர்ந்து நடக்காவிட்டால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும், எனவே நர்ஸ் முன்னால் ஒருமுறை செய்து காட்டாமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை நாள், மறுபடி எப்போது காட்ட வேண்டும், பீக் ஃப்ளோ எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.