சின்ன ஃபைலுக்கு ஓடுகிறது, பெரிய ஃபைலுக்கு நின்றுவிடுகிறது

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "லினக்ஸில் என் பைத்தான் புரோகிராம் ஒரு ஆங்கில ஃபைலை டிஆர் கமாண்டுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றித் திரும்ப வாங்குகிறது. பத்து வரி என்றால் உடனே முடிகிறது. 1 எம்பி கொடுத்தால் எரரும் இல்லை, விடையும் இல்லை. ஏன்?"

முதலில் தெரிந்த கதை. புரோகிராம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் இரண்டு பைப் வாங்குகிறது, டேட்டா போக ஒன்று, வர ஒன்று. ஃபோர்க் (தன்னையே ஒரு நகல் எடுப்பது), அப்புறம் எக்ஸெக் (அந்த நகலை டிஆராக மாற்றுவது), அவ்வளவுதான். டிஆர் ஓட ஆரம்பித்துவிடும். மறுமுனையில் இருப்பது கீபோர்டா, ஃபைலா, இன்னொரு புரோகிராமா என்று அதற்குத் தெரியாது.

இந்த பைப் யோசனை பழையது. டக் மெக்கில்ராய் 1964இல் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்து ஹோஸ் போல புரோகிராம்களைத் திருகி இணைக்க வழி வேண்டும் என்று. அவருடைய சகா கென் தாம்சன் அதை லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் சேர்த்தது 1973இல். ஒன்பது வருடம்! காலாண்டுக்கு ஒரு அறிக்கை கேட்கிற இன்றைய ஆய்வு நிதியில் இது பிழைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பெயர்தான் பைப், உள்ளே இருப்பது கெர்னல் மெமரியில் ஒரு தொட்டி. லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட், அதாவது 64 கேபி பிடிக்கும். நிரம்பினால் எழுதுகிறவரைக் கெர்னல் தூங்க வைக்கும். காலியானால் படிக்கிறவரை. மறுபக்கம் அசைந்ததும் எழுப்பிவிடும். இவ்வளவு எளிய ஏற்பாட்டில் வேகமான புரோகிராமும் மெதுவான புரோகிராமும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

வாசகரின் புரோகிராமோ 1 எம்பியையும் எழுதிவிட்டுத்தான் படிப்பேன் என்று நிற்கிறது. டிஆர் கொஞ்சம் எடுக்கும், மாற்றும், வெளித்தொட்டியில் ஊற்றும். அங்கே அள்ள ஆளில்லை. 64 கேபியில் தொட்டி நிரம்ப, டிஆர் தூங்கிவிடும். இனி உள்தொட்டியில் எடுக்கவும் ஆளில்லை; அதுவும் நிரம்பும், நம் புரோகிராமும் தூங்கும். ஒன்று எழுந்தால்தான் மற்றது எழும். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாப் கமாண்டில் பாருங்கள், இரண்டுக்கும் சிபியு 0. இரண்டு தொட்டியும் சேர்ந்து 128 கேபி, டிஆர் கையில் கொஞ்சம்; அதற்குள் அடங்கும் ஃபைல் தப்பிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், டிஆருக்குப் பதில், வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்டைப் போட்டால் 1 எம்பியும் ஓடிவிடும். கடைசி வரியைப் பார்க்காமல் எது முதலில் வரும் என்று சார்ட்டுக்குச் சொல்ல முடியாது. அதனால் முழுவதும் உள்ளே போன பிறகுதான் வாயைத் திறக்கும். எழுதி முடித்ததும் உங்கள் முனையை மூடுங்கள். இல்லாவிட்டால் இன்னும் வரும் என்று சார்ட் காத்துக்கொண்டே இருக்கும்.

நின்றுபோகிற புரோகிராமுக்கு, இடையில் இரண்டு நொடி ஸ்லீப் (சும்மா காத்திருக்கச் சொல்வது) போடு என்று சிலர் சொல்வார்கள். அது வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற வைத்தியம். எழுதுவதையும் படிப்பதையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். வேறு புரோகிராம்களை ஓட்டுவதற்கான பைத்தானின் சப்பிராசஸ் மாட்யூலில் உள்ள கம்யூனிகேட் அதைத்தான் செய்கிறது: எந்தத் தொட்டியில் இடம் இருக்கிறது, எதில் சரக்கு வந்திருக்கிறது என்று கெர்னலிடம் கேட்டுக் கேட்டு, இங்கே கொஞ்சம் ஊற்றும், அங்கே கொஞ்சம் அள்ளும்.